அழுகை போகும் திசை

சென்ற ஆண்டு நான் செய்த ஒரு கருவியைப் பற்றிய விமர்சனம் இது. செய்தவனே விமர்சிக்கக் கூடாது என்பார்கள். ஆனால் அந்தக் கருவியை என் அக்காவும் அவள் குழந்தையும் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதில்லை. அக்காவுக்கு எழுத நேரமில்லை. குழந்தைக்கு அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. மிச்சம் இருப்பவன் நான்தான்.

கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அப்பா இன்னமும் தேயிலை ஆலையில் வேலை செய்கிறார், அதனால் தோட்ட வீடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. அம்மா கொழுந்து எடுத்தவர். முதுகு வலி வந்த பிறகு நின்றுவிட்டார். நான் உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். மாதம் ஒருமுறை சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி வீட்டுக்கு வருவேன்.

அக்காவுக்கு தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. மச்சான் காய்கறி லோரி ஓட்டுகிறார். ராத்திரி கோலாலம்பூருக்கு இறங்கினால் விடிந்த பிறகுதான் திரும்பி வருவார். 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பதினான்கு வாரம். பதினைந்தாவது வாரத் திங்கட்கிழமை அக்கா பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். நான் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கருவியோடு வந்து இறங்கினேன்.

கருவி இதுதான்: ஒரு கேமரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, உள்ளங்கை அகலத்தில் ஒரு ராஸ்பெரி பை பலகை. ஸ்பிரிங் தொட்டில் தொங்கும் கொக்கியில் ஓர் எடை உணரி. பாப்பா அழுதால் அக்காவின் கைத்தொலைபேசிக்குப் புலனத்தில் ஒரு செய்தியும் பத்து விநாடிக் காணொளியும் போகும். அதே நேரத்தில் அக்கா முதல் நாள் இரவே பாடிக் கொடுத்திருந்த தாலாட்டு ஒலிபெருக்கியில் தானாக ஓடும். அழுகையையும் இருமலையும் பிரித்துச் சொல்லும் நிரலை எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பெருமையாகத்தான் இருந்தது. ‘என் தம்பி செஞ்சது’ என்று அக்கா சலவைப் பிரிவில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறாள்.

கருவியில் நான் செய்த தவற்றைச் சொல்வதற்கு முன்பு அது என் சொந்தக் கற்பனை இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்பே 80 வருடமாக இதே தவற்றை என்னைவிடக் கெட்டிக்காரர்கள் செய்திருக்கிறார்கள்.

1932இல் விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்டது அமெரிக்காவையே உலுக்கியது. அந்தப் பயம் அடங்காத காலத்தில், 1937இல், செனித் நிறுவனம் ‘ரேடியோ நர்ஸ்’ என்ற கருவியைக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. பேக்கலைட்டில் வார்த்த, கண்ணும் வாயும் இல்லாத ஒரு தலை. ஜப்பானிய வாள்வீரரின் முகக்கவசத்தை நினைவூட்டும். இன்று அருங்காட்சியகங்களில் அதை வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தாலே அழகு தெரியும். ஆனால் அந்தத் தலை பெற்றோர் அறையில் இருக்கும் பாதி மட்டும்தான். குழந்தையின் பக்கம் வைக்கும் பாதிக்கு ‘கார்டியன் இயர்’, காவல் காது, என்று பெயர் சூட்டினார்கள். அது ஒரு சாதாரண உலோகப் பெட்டி. சிற்பம் கேட்பவருக்கு, பெட்டி அழுபவருக்கு. முதல் கருவியிலேயே இந்தப் பாகப்பிரிவினை நடந்து முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்தக் காதை இன்னும் கூர்மையாக்கிய கதைதான். குழந்தையின் காலில் மாட்டும் காலுறை இதயத் துடிப்பையும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையும் அளந்து பெற்றோரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பியது. ஓவ்லெட் என்ற நிறுவனம் விற்றது. 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இது மருத்துவக் கருவி, அனுமதியில்லாமல் விற்கிறீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதம் அங்கே அந்தக் காலுறையின் விற்பனை நின்றது. பிறகு 2023 நவம்பரில் அதன் அடுத்த வடிவத்துக்கு முறையான அனுமதி கிடைத்தது. அனுமதி சரி. ஆனால் வீட்டில் இப்படி இதயத்தையும் மூச்சையும் கண்காணிப்பதைத் தொட்டில் மரணத்தைத் தடுக்கும் வழியாக நம்பாதீர்கள் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. இந்தக் கருவிகளின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அம்புக்குறிகள் எல்லாம் ஒரே பக்கம் போகும்: குழந்தையிலிருந்து பெற்றோருக்கு. குழந்தையிடமிருந்து எல்லாம் எடுக்கப்படுகிறது. குழந்தைக்கு என்ன போய்ச் சேருகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

முதல் நாள் காலை 10.40க்கு முதல் செய்தி போனது. அக்கா துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். காணொளியைத் திறந்து பாப்பா அழுவதைப் பார்த்த அடுத்த நிமிடமே அவளுக்குப் பால் சுரந்துவிட்டது. குழந்தையின் அழுகை காதில் விழுந்தாலே தாய்க்குப் பால் இறங்கும், அது உடம்பின் அனிச்சைச் செயல் என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். அது கைத்தொலைபேசிக்குள்ளிருந்தும் கேட்கும் என்று யோசித்ததில்லை.

“ஏப்ரன் இருந்ததால தப்பிச்சேன்டா தம்பி,” என்றாள் சாயங்காலம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: “அழுறத காட்டுறியே, போறதுக்கு என்ன வச்சிருக்க?”

என்னிடம் பதில் இல்லை. பொறியாளன் செய்வதைச் செய்தேன். அறிவிப்பின் எண்ணிக்கையைக் குறைத்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் அழுதால் மட்டும் செய்தி போகும்படி நிரலை மாற்றினேன். இதைவிட மடத்தனமான ஒரு திருத்தத்தை நான் வேலை செய்யும் இடத்தில்கூடச் செய்ததில்லை. முதல் இரண்டு நிமிடம் அழுவது அழுகையில்லை என்று தீர்மானிக்க நான் யார்?

தாலாட்டுப் பதிவுதான் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது. முதல் சில நாள் அது வேலை செய்தது. அக்காவின் குரல் கேட்டதும் பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பித் தேடும். நான் அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அக்கா அந்தக் காணொளியை இரண்டு தடவை பார்த்தாள். “கேட்டு அடங்கல. ஏமாந்து அடங்குது,” என்றாள். மூன்றாவது வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பாட்டு ஆரம்பித்தாலே பாப்பா இன்னும் கூடுதலாகச் சிணுங்குகிறதாம். “பெட்டிய அணைச்சிட்டேன். நீ வந்து பாரு.”

அக்காவின் சொல்லுக்கு ஆய்வகத்திலும் ஒரு கதை இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கொல்வின் டிரெவார்தெனும் லின் மர்ரேயும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அது. சுமார் இரண்டு மாதக் குழந்தை ஓர் இடத்தில், தாய் வேறோர் இடத்தில். நடுவில் தொலைக்காட்சித் திரை. இன்றைய வீடியோ அழைப்பின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரலையில் தாய் பேசும்போது குழந்தை சிரித்தது, வாயசைத்தது, பதில் சொன்னது. பிறகு அதே தாய் கொஞ்சம் முன்பு அதே குழந்தையோடு கொஞ்சிய பதிவையே போட்டுக் காட்டினார்கள். அதே முகம், அதே குரல், அதே அன்பு. குழந்தை குழம்பியது, முகத்தைத் திருப்பியது, வருந்தியது. இந்த முடிவில் சச்சரவும் உண்டு. 1998இல் பிலிப் ரோஷாவின் குழுவுக்கு இதே விளைவு கிடைக்கவில்லை. 1999இல் ஜாக்லின் நடேலின் குழுவுக்குக் கிடைத்தது. நான் எந்தக் கட்சி என்பதை எங்கள் வீட்டு ஸ்பிரிங் தொட்டில் தீர்மானித்துவிட்டது. பாப்பாவுக்கு வேண்டியது அம்மாவின் குரல் மட்டுமில்லை, தான் சிணுங்கினால் அதற்கேற்ப மாறுகிற குரல்.

எனக்குப் பிடித்த இன்னொரு சோதனை அதற்கும் முன்பு, 1980இல் நடந்தது. அந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் சூப்பானை வைத்தார்கள். சூப்பும் தாளத்தை ஒரு விதமாக மாற்றினால் காதில் சொந்தத் தாய் டாக்டர் சூஸின் கதையை வாசிப்பது கேட்கும். வேறு விதமாகச் சூப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தங்கள் தாளத்தை மாற்றித் தாயின் குரலை வரவழைத்துக்கொண்டன. குழந்தைகளுக்குத் தாயின் குரல் தெரியும் என்பதற்குத்தான் எல்லாரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கோ அந்தக் கம்பிகள்தான் கண்ணில் படுகின்றன. நான் அறிந்தவரை, குழந்தையின் கையில், சரி, வாயில், பொத்தானைக் கொடுத்த கருவி அது ஒன்றுதான். மூன்று நாள் குழந்தைக்கு இயக்கத் தெரிந்ததை நாலு மாதக் குழந்தைக்கு நான் கொடுக்கவில்லை.

இலக்கிய இதழில் இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இது தாலாட்டின் வடிவத்தைப் பற்றிய கேள்வியும்தான். தாலாட்டைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அதன் பொருளைப் பற்றியே பேசுகிறோம். மாமன் பெருமை, வராத சீர், புகுந்த வீட்டின் வலி, பாதிக்குப் பாதி குழந்தைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று. அது உண்மைதான். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ போன்ற தொகுப்புகளைப் புரட்டும்போது நானும் வரிகளைத்தான் தேடினேன். ஆனால் தாலாட்டின் பாதி கேள்வியாக இருக்கிறதே, ஏன்? அடித்தது யார், ஏன் அழுகிறாய், என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போகிறது. கேள்வி கேட்டவள் ஒரு நொடி நிறுத்துவாள். குழந்தை முனகினால் அடுத்த அடியை இழுப்பாள். கண் சொருகினால் குரலைத் தாழ்த்துவாள், பாடியதையே திரும்பப் பாடுவாள். இந்த நிறுத்தமும் இழுப்பும் எந்தத் தொகுப்பிலும் அச்சாவதில்லை. நான் பதிவு செய்ததும் ஒரு தொகுப்புதான். கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, காத்திருப்பதை வெட்டி எறிந்துவிட்டேன்.

பெட்டியை அணைத்த அந்த வார இறுதியில் அம்மாவிடம் கேட்டேன், எங்களை எப்படி வளர்த்தீர்கள் என்று. தெரிந்த கதைதான், ஆனால் அன்றைக்கு அதைப் பொறியாளனாகக் கேட்டேன்.

“ஆயாக்கொட்டகையில போட்டுட்டுப் போவோம். பெரட்டு முடிஞ்சு மலைக்கு ஏறணும். ஒன்பதரை போல மண்டோர்கிட்ட சொல்லிட்டு எறங்கி வந்து பால் குடுத்துட்டு திரும்ப ஏறுவேன். நடையா நடை. தூரமா வெட்டு போட்டுட்டா அன்னிக்கு வர முடியாது. மார் கல்லா கட்டிக்கும். பீச்சி செடி மேலயே விட்டுட்டு வெட்டுவேன்.”

இதை வைத்துக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குக் கோயில் கட்ட நான் தயாரில்லை. ஓர் ஆயா, இருபது முப்பது பிள்ளைகள், ஒரு நீளக் கொட்டகை, வரிசையாகத் துணித் தொட்டில்கள், பால்மாவு வாசமும் மூத்திர வாசமும். துரைமார்கள் அதைக் கட்டியது பிள்ளைப் பாசத்தால் அல்ல. தாயின் இரண்டு கையும் கொழுந்துக்கு வேண்டியிருந்தது, அதனால் கட்டினார்கள். கட்டாத இடத்தில் சட்டம் கட்ட வைத்தது. இந்தியாவின் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. மலேசியாவிலும் தோட்டக் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டத்தில் காப்பகம் உண்டு. இலங்கை மலையகத்தில் இதையே பிள்ளைக் காம்பரா என்பார்கள். நம் தோட்டப் புனைவுகளில் பெரட்டுக்களம் வரும், கள்ளுக்கடை வரும், திருவிழா வரும். நான் படித்த வரையில் ஆயாக்கொட்டகை வழியில் கடந்து போகிற இடமாக மட்டுமே வருகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே உள்ள தூரத்தை தோட்டம் அளந்து வைத்த இடம் அதுதான். ஒரு முழு நாவலுக்கான இடம் அங்கே இருக்கிறது.

அம்மா சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே சொல்: நடை. அந்த அமைப்பில் அழுகை போகவில்லை. அம்மாவுக்கு பாப்பா அழுகிறதா சிரிக்கிறதா என்று எதுவுமே தெரியாது. தகவல் பூஜ்யம். ஆனால் அம்மா வந்தார். என் அமைப்பில் எல்லாத் தகவலும் உண்டு, பத்து விநாடிக் காணொளி உண்டு, எடை உண்டு, அழுகையின் அதிர்வெண் உண்டு. அக்கா வரவில்லை.

வர முடியாது. தானா ராத்தாவிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பள்ளி விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சலவைப் பிரிவில் பால் எடுக்கத் தனி அறை கிடையாது. வேலைச் சட்டத்தில் தனியார் துறைத் தாய்மார்களுக்குப் பால் கொடுக்கும் இடைவேளை என்று எதுவும் இல்லை. இந்தியாவின் 1961 பிரசவச் சலுகைச் சட்டம் குழந்தைக்கு பதினைந்து மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு இடைவேளை கொடுத்தது. அது எத்தனை இடத்தில் நடந்தது என்பது வேறு பேச்சு. நான் அக்காவுக்குச் செய்து கொடுத்தது, இல்லாத அந்த இடைவேளையின் இடத்தில் வைக்கும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி இருப்பது விடுதிக்கு வசதி. மேற்பார்வையாளர் அதை அக்காவிடமே சொல்லியிருக்கிறார்: “அதான் போன்ல பாக்கிறீயே, அப்புறம் என்ன?”

இந்த வாக்கியத்தைக் கேட்ட அன்றைக்குத்தான் கேமராவைக் கழற்றினேன்.

இப்போது இருப்பது இரண்டு பக்கமும் பேசும் ஒலி மட்டும். காலை 11 மணி சாப்பாட்டு நேரத்தில் அக்கா பின்கதவுப் படியில் உட்கார்ந்து அழைப்பாள். அம்மா பாப்பாவைத் தொட்டிலில் போடுவார். அக்கா பாடுவாள், பாப்பா ஏதோ சொல்லும், அக்கா நிறுத்துவாள். மழை வந்தால் எங்கள் பள்ளத்தாக்கில் இணைப்பு அறுந்துவிடும். அப்போது பாப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் என்கிறார் அம்மா. ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2016லேயே வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பாப்பாவுக்கு நான் ஒலியோடு நிறுத்திக்கொண்டது எந்தப் பரிந்துரைக்காகவும் இல்லை. அக்கா கேட்டாள், அவ்வளவுதான். அவளுக்கு முகத்தைப் பார்த்தால் வேலை ஓடவில்லையாம். மச்சானுக்கு மட்டும் வருத்தம். ராத்திரி பீடோர் பக்கம் லோரியை ஓரங்கட்டி, தூங்குகிற பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அதை நான் யோசிக்கவே இல்லை. அவருக்காக ராத்திரிக்கு மட்டும் கேமராவைத் திரும்ப மாட்ட வேண்டும்.

கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டு, எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் பங்களாதேஷ்காரர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கொழுந்து வெட்டுகிறார். இரண்டு பேர் இரு பக்கம் பிடித்து நடக்கும் இயந்திரத்தில் ஒரு பக்கம் இவர். இப்போது தோட்டத்தில் மலையேறுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர்கள்தான். அவர்களுடைய வேலை அனுமதியில் மனைவி மக்களைக் கூட்டி வர இடமில்லை. அதனால் மலையில் இன்றைக்கு ஆயாக்கொட்டகைக்கும் வேலையில்லை. பிள்ளைகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இவர் இங்கே வந்த பிறகு மகள் பிறந்திருக்கிறாள். பதினொரு மாதம். தினம் ராத்திரி ஐமோவில் அழைத்து, கைத்தொலைபேசியைத் தலையணைக்குச் சாய்த்து வைத்துக்கொண்டு, பேசாமல் படுத்திருப்பாராம். மகள் அந்தப் பக்கம் தொலைபேசியை வாயில் வைத்துக் கடிப்பாளாம். திரை முழுக்க இருட்டாகிவிடுமாம். அதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

மலாயும் தமிழும் கலந்து கேட்டார்: “போஸ், அவ பக்கம் ஒரு பெரிய பட்டன் வைக்க முடியுமா? அவ அமுக்கினா எனக்கு அடிக்கணும்.”

முடியும் என்றேன். ஒரு பொத்தான், ஒரு சிம் அட்டை, சின்னப் பலகை. நூறு வெள்ளிக்குள் முடிக்கலாம். வரைந்தும் காட்டினேன். பிறகுதான் தோன்றியது.

“பகல்ல அமுக்கினா? மலையில இருக்கும்போது எடுப்பீங்களா?”

காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “மண்டோர் இருப்பாரே,” என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.